எளியார் இல்லம் புகுந்த கணிப்பொறி

கணிப்பொறியானது அரசாங்கத்தார்க்கும் பெருவணிகர்க்கும் பல்கலைக் கழகங்கட்குமே உரிய பொருளாயிருந்த காலம் ஒன்றுண்டு. அஃது எளியார் இல்லம் புகுந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1977-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஆப்பிள்-2, கமோடோர் பெட், டி.ஆர்.எஸ்.-80 என்னும் மூன்று பொறிகள் விற்பனைக்கு வந்தன. இவற்றுள் டி.ஆர்.எஸ்.-80 திரையோடு சேர்த்து ஏறக்குறைய 600 டாலர். ஆப்பிளோ திரையின்றியே 1,298 டாலர். எளிய குடும்பத்தார்க்கு இவை எட்டாக்கனிகளே.

இக்குறையை நீக்க முற்பட்டவருள் ஒருவர் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரில் தொழில் நடத்திய கிளைவ் சின்க்ளேர் என்பார். 1980-ல் அவர் வெளியிட்ட இசட்.எக்ஸ்.80 என்னும் பொறியின் விலை 99.95 பவுன். அடுத்த ஆண்டு வந்த இசட்.எக்ஸ்.81 69.95 பவுனே, உறுப்புக்களை வாங்கித் தாமே பொருத்திக்கொள்வார்க்கு 49.95 பவுன். இவ்விலைக் குறைவு எங்ஙனம் இயன்றது எனின், முன்னதில் 21 சில்லுகள் ஆற்றிய தொழிலைப் பின்னதில் 4 சில்லுகளே ஆற்றின. திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியும், சேமிப்புக்கு ஒலிநாடாப் பெட்டியும் போதியனவாயின.

நினைவகமோ 1 கிலோபைட். அதாவது 1,024 எழுத்துக்களுக்கே இடம். நமது இச்சிறு கட்டுரையும் அதனுள் அடங்காது! ஆயினும், இயக்கிய மாத்திரத்தே அப்பொறி பேசிக் என்னும் மொழியில் கட்டளையை எதிர்நோக்கி நின்றது. விளையாட்டுக்கள் ஒலிநாடாவில் விலைக்குக் கிடைத்தனவேனும், சிறுவர் பலர் பத்திரிகைகளில் அச்சிட்ட நிரல்களை எழுத்தெழுத்தாகத் தாமே பதித்தனர். ஓரெழுத்துப் பிழைப்பினும் நிரல் ஓடாது. அப்பிழையைத் தேடித் திருத்துமுகத்தால் அவர்கள் பொறியின் இயல்பை உணர்ந்தனர். பொறியின் வறுமையே அவர்கட்கு ஆசானாயிற்று.

1982-ல் வண்ணமும் ஒலியும் வாய்ந்த ஸ்பெக்ட்ரம் 125 பவுனுக்கு வந்தது. 1986-ல் சின்க்ளேர் தம் கணிப்பொறித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்தார்க்கு 50 இலட்சம் பவுனுக்கு விற்றார். பின்வந்த பொறிகள் ஆற்றலிற் பெருகின. ஆயின், பிறர் ஆக்கிய நிரல்களைத் துய்ப்பதோடு மக்கள் அமைவாராயினர். அதே கேம்பிரிட்ஜில் கணிப்பொறியியல் பயில விழைந்த மாணாக்கரிடத்தும் நிரலெழுதும் பயிற்சி அருகியதைக் கண்ட எபன் அப்டன் முதலியோர், 2012-ல் ராஸ்பெர்ரி பை என்னும் 35 டாலர்ப் பொறியை வெளியிட்டனர்.

பிறர் பாடிய வெண்பாவைச் சுவைப்பது எளிது. தளை தட்டாமல் தாமே ஒன்று இயற்றப் புகுவோரே யாப்பின் அருமையை அறிவர். இசட்.எக்ஸ்.81-னும் பன்மடங்கு ஆற்றலுடைய பொறிகளை நாம் இன்று கைப்பையிற் கொண்டு திரிகின்றோம். அவற்றைக்கொண்டு நாமே ஆக்கியது யாது என நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் நலம்.