நாலு கார்டு போதும்

அமெரிக்காவில் 'கிட்டார் சென்டர்' மாதிரிப் பெரிய கடையில் கிட்டாரை எடுத்து வாசித்துப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்தது நாலே கார்டு (chord). எப்படி வாங்குவது? – வாசகர், டல்லாஸ்

நாலு கார்டு தாராளம். 1959-ல் ஹாலிவுட்டில் ஆர்கன் விற்கத் தொடங்கிய கடை அது. இன்று சுவர் முழுக்கக் கிட்டார் தொங்குவதே வருகிறவர்கள் எடுத்து வாசிக்கத்தான். எல்லோரும் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டையே வாசித்துக் கடைக்காரர்களை நோகடிப்பதைக் கேலி செய்து 'வேய்ன்ஸ் வேர்ல்ட்' (1992) படத்தில் ஒரு காட்சியே உண்டு. உங்களை யார் கவனிக்கப்போகிறார்கள்?

வார நாளில், காலையில் போங்கள். சுருதி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டினால் எங்கே இரைகிறது என்று தெரிந்துவிடும். 12-வது ஃப்ரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டால் வரும் ஸ்வரமும் அழுத்தினால் வரும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒலி மந்தமாக இருக்கிறதா? பலர் விரல் பட்ட பழைய தந்தியாக இருக்கலாம். அதற்காகக் கிட்டாரை ஒதுக்க வேண்டாம்.

எலெக்ட்ரிக் என்றால் சின்ன ஆம்பில் கேளுங்கள். கடையின் பெரிய ஆம்ப் எதையும் அழகாக்கிவிடும்.

பிடித்ததா? வாசித்த அதே கிட்டாருக்கே பில் போடச் சொல்லுங்கள். கிடங்கிலிருந்து வரும் பெட்டிக்குள் இருப்பது வேறொன்று. அதைத்தான் தருவார்கள் என்றால், அதையும் வாசித்துப் பார்த்த பிறகே பணம். சுவரில் தொங்கியதில் கீறல் இருந்தால், கூசாமல் விலையைக் குறைக்கக் கேளுங்கள்.