இல்லறமும் மாதர் சாசனமும்

இல்வாழ்க்கையை நல்லறமாகப் போற்றுவது நம் சமயம். ஆயினும், இராமபிரானின் ஏகபத்தினி விரதத்தைக் கதாகாலட்சேபங்களில் பக்தியோடு கேட்ட அக்காலத்தில், இந்து ஆடவர் ஒருவர் பல தாரங்களை மணப்பதைச் சிங்கப்பூர்ச் சட்டம் தடுக்கவில்லை. கேட்ட அறம் ஒன்று. நடந்த வழக்கம் வேறு.

1929இல் பெரியார் ஈ.வெ.ரா. இங்கு வருகை தந்தார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. பெண்ணுரிமை பற்றிய சிந்தனை நம்மிடையே மெல்லப் பரவிற்று.

1961 செப்டம்பர் 15இல் மாதர் சாசனம் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் திருமணங்கள் நீங்கலாக, ஒருவனுக்கு ஒருத்தி என்பது அன்று முதல் சட்டமாயிற்று. மனைவி விரும்பிய தொழிலைச் செய்யலாம். இல்லத்தை நடத்துவதில் இருவருக்கும் சம உரிமை உண்டு. பிள்ளைகளைப் பேணுவது இருவர் கடமை என்றும் அச்சாசனம் கூறுகிறது.

தாலி ஏறிய பின் பதிவு எதற்கு என்று கேட்போர் உண்டு. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் மாங்கல்யதாரணம் நடந்தாலும், பதிவதிகாரி அல்லது உரிமம் பெற்ற மணவதிகாரி முன்னிலையில் சட்டப்படி மணம் நடந்தேற வேண்டும். கணவன் கைவிட்டால் ஜீவனாம்சம் கோரும் மனைவிக்கு அதுவே சான்று. மகளுக்கு மணம் பேசும் பெற்றோர், முகூர்த்த நாள் குறிக்கும்போதே பதிவு நாளையும் குறிப்பார்களாக.