ஆலோசகர் ஊர் திரும்பிய மறுநாள்

கிழக்குத் திமோரின் தலைநகர் டிலியில், ஓர் அமைச்சகத்தின் நிதிப் பிரிவுக்கு இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஆலோசகராகப் போகவிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்குத் தணிக்கையில் நீண்ட அனுபவம் உள்ளவர். "அந்த நாடு சுதந்திரம் அடைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்னும் வெளிநாட்டு ஆலோசகர்கள் தேவைப்படுகிறார்கள் என்றால், இதுவரை போனவர்கள் என்னதான் செய்தார்கள்? நான் போய் எங்கே தொடங்குவது?" என்பது அவர் கேள்வி.

நியாயமான கேள்வி. பதிலை 1999-இலிருந்து சொன்னால்தான் உங்கள் மேசையில் என்ன நடக்கப்போகிறது என்பது புரியும்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் 78.5 சதவீதத்தினர் இந்தோனேசியாவிலிருந்து பிரிவதற்கு வாக்களித்தார்கள். முடிவு வெளியானதும், இந்தோனேசிய ராணுவத்தின் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகத் தீ வைத்தன. நாட்டின் அடிப்படைக் கட்டமைப்பில் சுமார் 70 சதவீதம் அழிந்தது. இது பலரும் அறிந்தது. உங்கள் வேலைக்கு முக்கியமான இழப்பு வேறொன்று. இந்தோனேசியாவின் 24 ஆண்டு ஆக்கிரமிப்பில் அலுவலகங்களின் மேல்நிலைப் பதவிகளிலும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியப் பணிகளிலும் பெரும்பாலும் இந்தோனேசியர்களே இருந்தார்கள். அந்தச் செப்டம்பரில் அவர்கள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சிய திமோரிய ஊழியர்களில் பெரும்பாலோர் எழுத்தர்கள், செவிலியர்கள், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். பதிவேட்டில் தன் பங்குக்கான கட்டத்தை நிரப்பத் தெரிந்தவர் இருந்தார். அடுத்த மேசையில் அந்தப் பதிவேட்டை வைத்து என்ன முடிவு எடுக்கிறார்கள் என்று தெரிந்தவர் இல்லை. எரிந்த கட்டடத்தை ஓராண்டில் எழுப்பிவிடலாம். இந்த நடு அடுக்கு உருவாக ஒரு தலைமுறை ஆகும்.

1999 அக்டோபர் 25 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை தன் 1272-ஆவது தீர்மானத்தின் வழியாக அங்கே ஓர் இடைக்கால நிர்வாகத்தை (சுதந்திர அரசு அமையும்வரை நாட்டை ஆளும் பொறுப்பை ஏற்கும் அமைப்பு) நிறுவியது. சட்டம் இயற்றுவது, அதைச் செயல்படுத்துவது, நீதிமன்றம் நடத்துவது என எல்லாமே அதன் பொறுப்பு. பிரேசிலைச் சேர்ந்த செர்ஜியோ வியெரா டி மெல்லோ தலைமை ஏற்றார். 2002 மே 20 அன்று ஆட்சி திமோரியர் கைக்கு வந்தது. இடையில் கிடைத்தது இரண்டரை ஆண்டு. அதற்குள் நாட்டை நடத்தவும் வேண்டும், நடத்தக்கூடியவர்களை உருவாக்கவும் வேண்டும். எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. நடத்துவதற்குக் கெடு உண்டு, உருவாக்குவதற்குக் கெடு இல்லை. கெடு உள்ள வேலை மற்றதை விழுங்கிவிடும்.

உங்கள் மேசையில் இது எப்படி வரும் என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஆசிரியர்களுக்குச் சம்பளம் போக வேண்டும். சம்பளப் பட்டியலை நீங்கள் போட்டால் ஒரு மணி நேரம். பக்கத்தில் இருக்கும் திமோரிய அலுவலருக்குச் சொல்லிக்கொடுத்து அவரைப் போட வைத்தால் இரண்டு வாரம். வெள்ளிக்கிழமை காத்திருக்காது, ஆசிரியர் வீட்டு அடுப்பும் காத்திருக்காது. நீங்களே போட்டுவிடுவீர்கள். அடுத்த மாதமும் அப்படியே. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இரண்டாண்டு கழித்து நீங்கள் விமானம் ஏறும்போது அந்தப் பட்டியலைப் போடும் திறமையும் உங்களோடு விமானம் ஏறிவிடும். பிறகு இன்னொரு ஆலோசகருக்கு விளம்பரம் வரும். இருபது ஆண்டாக ஏன் என்று கேட்டீர்களே, காரணத்தில் பாதி இதுதான்.

அறிகுறிகளைப் போன முதல் வாரத்திலேயே கவனிக்கலாம். அமைச்சர் ஒரு கணக்கைக் கேட்டால் யாருக்கு அழைப்பு வருகிறது? கணினியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? கூட்டத்தில் திமோரிய இயக்குநர் பேசுகிறாரா, அல்லது தலையசைத்துவிட்டு ஆலோசகர் பக்கம் திரும்புகிறாரா? உதவி நிறுவனங்களுக்கான அறிக்கை உரிய நாளில் போய்ச்சேர, சொந்த அமைச்சகத்துக்கான அறிக்கை மட்டும் தேங்கிக் கிடக்கிறதா? இவற்றில் இரண்டுக்காவது பதில் சங்கடமாக இருந்தால் அங்கே இருப்பது பதிலீடு (உள்ளூர் ஆள் செய்ய வேண்டியதை வெளியாள் செய்துகொண்டே போவது). அதைத் திறன் வளர்ப்பு என்று சொல்ல முடியாது.

ஊதிய இடைவெளியையும் கவனியுங்கள். தொடக்க ஆண்டுகளில் ஐ.நா. ஊழியர்கள் டிலி துறைமுகத்தில் நின்ற மிதக்கும் ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். கரையில் மக்கள் எரிந்த வீட்டுக்குத் தகரம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த திமோரிய இளைஞர் அரசு எழுத்தராவதைவிட வெளிநாட்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகவோ ஓட்டுநராகவோ சேர்ந்தால் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்ற நிலை. உதவ வந்தவர்களே நல்ல ஆட்களை அரசிடமிருந்து இழுத்துக்கொள்வது இப்படித்தான். உங்கள் பிரிவில் கெட்டிக்காரரான ஓர் அலுவலரை உங்கள் சொந்த உதவியாளராக மாற்றிக்கொள்ளும் ஆசை உங்களுக்கும் வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தணிக்கையாளர்கள் இதைப் பெரும்பாலும் சிறு விஷயமாக நினைத்துவிடுகிறார்கள். அரசியல் சாசனப்படி டெட்டும், போர்த்துகீசியம் இரண்டும் ஆட்சிமொழிகள். இந்தோனேசியமும் ஆங்கிலமும் அலுவல்மொழிகள். சட்டம் போர்த்துகீசியத்தில் எழுதப்பட்டிருக்கும். உதவி நிறுவனத்தின் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். ஆக்கிரமிப்புக் காலத்தில் பள்ளி சென்ற அலுவலர் இந்தோனேசியத்தில் படித்தவர். தன் அமைச்சரிடம் அவர் டெட்டுமில் விளக்குவார். வீட்டில் பேசுவது மம்பாயாகவோ மகசாயாகவோ ஃபட்டலுக்காகவோ இருக்கலாம். ஒரு செலவுச் சீட்டு நான்கு மொழிகளைக் கடந்துதான் பணமாகிறது. அவர் தாமதிப்பதைச் சோம்பல் என்று குறிப்பெழுதிவிட்டுப் போன ஆலோசகர்கள் பலர்.

நீதிமன்றங்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமையானது. 1999-இல் சட்டம் படித்த திமோரியர்களைக் கண்டுபிடிக்க வானிலிருந்து துண்டறிக்கை போட வேண்டியிருந்தது. 2000 ஜனவரியில் முதல் நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் பதவியேற்றார்கள். அவர்களில் எவரும் அதற்கு முன் நீதிபதியாக இருந்தவர் அல்லர். பயிற்சியும் வழக்கும் ஒரே நேரத்தில் நடந்தன. 2005-இல் அவர்களுக்கு வைத்த தகுதி மதிப்பீட்டின் முடிவு வந்தபோது தகுதிகாண் நிலையில் இருந்த உள்நாட்டு நீதிபதிகளில் ஒருவர்கூடத் தேறவில்லை. போர்த்துகீசியம் பேசும் நாடுகளிலிருந்து வந்த நீதிபதிகள் அந்த நாற்காலிகளில் அமர்ந்தார்கள். திமோரியர்கள் மீண்டும் பயிற்சி மையத்துக்குப் போனார்கள். 2014 அக்டோபரில், நீதித்துறையில் இருந்த வெளிநாட்டவரின் ஒப்பந்தங்களை அரசு ஒரேயடியாக ரத்து செய்து நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. அவர்கள் விசாரித்துவந்த வழக்குகள் நடுவில் நின்றன.

அந்த முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமல்ல. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெளியாள் வந்ததும் ஒரே நாள் முடிவு, போனதும் ஒரே நாள் முடிவு. இரண்டுக்கும் நடுவே, உள்ளூர் நீதிபதி முதலில் எளிய வழக்கு, பிறகு சிக்கலான வழக்கு, பிறகு மேல்முறையீடு என்று பொறுப்பைப் படிப்படியாக ஏற்கும் ஏணி உறுதியாக இல்லை.

காவல்துறையில் அந்த ஏணி பின்னாளில் வந்தது, பெரும் விலை கொடுத்த பிறகு. 2000 மார்ச் 27 அன்று டிலியில் காவலர் பயிற்சிக் கழகம் திறந்தார்கள். அடிப்படைப் பயிற்சி சில மாதங்கள்தான். 2004 மே மாதம் பொறுப்பு முழுவதும் திமோரியக் காவல்துறைக்கு மாறியது. சீருடை, வாகனம், ஆயுதம் எல்லாம் இருந்தன. ராணுவத்தின் வேலை எது, காவல்துறையின் வேலை எது என்ற எல்லை தெளிவாக இல்லை. தவறிழைத்த அதிகாரியை விசாரிக்கும் முறை பழக்கத்தில் இல்லை. மேலே அமைச்சகம் பலவீனமாக இருந்தது. 2006-இல், பாகுபாடு காட்டுவதாகப் புகார் சொன்ன சுமார் 600 ராணுவ வீரர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டதில் தொடங்கிய பிளவு, மே 25 அன்று ஐ.நா. அதிகாரிகளின் துணையோடு நிராயுதபாணிகளாக நடந்துவந்த காவலர்களை ராணுவத்தினர் சுட்டதில் போய் நின்றது. எட்டுக் காவலர்கள் இறந்தார்கள். அந்த நெருக்கடியில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் வீடிழந்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தஞ்சம் புகுந்தார்கள். அப்போது அந்நாட்டின் மக்கள்தொகையே பத்து லட்சம் அளவுதான்.

ஐ.நா. மீண்டும் காவல் பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை மாவட்டம் மாவட்டமாகக் கைமாற்றினார்கள். தகுதியை இரு தரப்பும் சேர்ந்து மதிப்பிட்டார்கள். 2009 மே மாதம் கிழக்கு மூலையில் உள்ள லவுட்டெம் மாவட்டத்தில் தொடங்கி, 2011 மார்ச் 27 அன்று முழுப் பொறுப்பும் கைமாறியது. 2012 டிசம்பர் 31 அன்று ஐ.நா. பணிக்குழு விடைபெற்றது. முதல் முறை தேதியைப் பார்த்துக் கொடுத்தார்கள், இரண்டாம் முறை ஆளைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பது என் கணிப்பு.

சரியாக நடந்தவையும் உண்டு. மனம் தளர வேண்டாம். மருத்துவத் துறையில் தொடக்கத்திலேயே திமோரிய மருத்துவப் பணியாளர்களைக் கொண்ட ஓர் இடைக்கால அமைப்பை ஏற்படுத்தினார்கள். தொண்டு நிறுவனங்கள் மாவட்டங்களில் மருத்துவம் பார்த்தாலும், பொதுத் திட்டத்துக்கு உட்பட்டே பார்த்தன. பிறகு மையங்களை அமைச்சகத்திடம் ஒப்படைத்தன. கியூபா தன் மருத்துவர்களை அனுப்பியதோடு நிற்காமல் பல நூறு திமோரிய மாணவர்களை மருத்துவர்களாக்கியது.

உங்கள் துறைக்கு நெருக்கமான பாடம் பெட்ரோலிய நிதி. நார்வேயின் ஆலோசனையோடு 2005-இல் சட்டமாக வந்தது. எண்ணெய், எரிவாயு வருமானம் முழுவதும் அந்த நிதிக்கே போகும். அங்கிருந்து அரசின் வரவு செலவுக் கணக்குக்கு மட்டுமே, அதுவும் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தால்தான் பணம் வரும். நிலைக்கும் வருமானம் (மூலதனம் குறையாமல் ஆண்டுதோறும் எடுக்கக்கூடிய தொகை) பெட்ரோலியச் செல்வத்தில் 3 சதவீதம் என்று சட்டம் கணக்கிடுகிறது. அதற்கு மேல் எடுக்க விரும்பும் அரசு காரணத்தை நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும். பல ஆண்டாக மேலேதான் எடுத்துவருகிறார்கள். பாயு-உண்டான் எரிவாயு வயலின் வருமானம் வற்றிவிட்ட நிலையில் இது கவலைக்குரியதே. ஆனாலும் எவ்வளவு எடுத்தார்கள் என்று யாரும் படித்துப் பார்க்கலாம். எடுப்பது அரசியல் முடிவு, அதை மறைக்க முடியாமல் வைத்திருப்பது நிறுவனம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அந்த நிதியை நிர்வகிக்கும் மத்திய வங்கி வளர்ந்த விதமும் பார்க்கத்தக்கது. முதலில் வெறும் பணப்பட்டுவாடா அலுவலகம். 2001-இல் வங்கி மேற்பார்வையும் சேர்ந்த ஆணையம். 2011-இல்தான் மத்திய வங்கி என்ற பெயர். 2000 முதல் அமெரிக்க டாலரையே நாணயமாக வைத்துக்கொண்டதால், சொந்தப் பணத்தின் மதிப்பைக் காக்கும் சுமை அந்த இளம் அமைப்பின் தலையில் விழவில்லை. தாங்கக்கூடிய அளவுக்கு வேலை கொடுத்தார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. போவதற்கு முன்பே டெட்டும் படிக்கத் தொடங்குங்கள். மூன்று மாதத்தில் வணக்கமும் எண்களும் அலுவலகச் சொற்களும் வந்துவிடும். முதல் மாதம் எதையும் திருத்தாதீர்கள். ஒரு செலவுச் சீட்டின் பின்னாலேயே நடந்து, அது எந்தெந்த மேசையில் எத்தனை நாள் இருக்கிறது என்று எழுதுங்கள். சம்பளப் பட்டியலைப் பொறுத்தவரை, முதல் மாதம் நீங்கள் போடும்போது அவர் அருகில் இருக்கட்டும். இரண்டாம் மாதம் இருவரும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். மூன்றாம் மாதம் அவர் போட, நீங்கள் சரிபாருங்கள். நான்காம் மாதம் கேட்டால் மட்டும் பாருங்கள். வழிமுறைகளை அவர் கையால், அவருக்கு வசதியான மொழியில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து எப்போதும் அவருடையதாக இருக்கட்டும்.

சில குறுக்குவழிகளை எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் நிதி விதிகளை நாட்டின் பெயரை மாற்றி அங்கே நகலெடுத்து வைக்காதீர்கள். பத்துப் பேர் உள்ள அலுவலகத்தில் ஏழு நிலை ஒப்புதல் கேட்கும் விதி முதல் வாரத்திலேயே மீறப்படும், மீறுவது பழக்கமாகிவிடும். நட்சத்திர ஹோட்டலில் மூன்று நாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுப்பதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அரசு அமைப்பு மெதுவாக இருக்கிறது என்று திட்டத்துக்குத் தனி அலுவலகமும் தனி வங்கிக் கணக்கும் திறப்பது மூன்றாவது. அது உங்கள் திட்டத்தை வேகமாக்கும், அமைச்சகத்தை வெறுமையாக்கும்.

தவறு நடக்கும். பட்டியலில் ஐம்பது பேர் விட்டுப்போவார்கள், வாசலில் கூட்டம் கூடும், மேலதிகாரி தொலைபேசியில் சத்தம் போடுவார். பதறி வேலையை மறுபடி உங்கள் கைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பிழை எந்தப் படியில் நுழைந்தது என்று அந்த அலுவலரோடு உட்கார்ந்து தேடுங்கள். விட்டுப்போனவர்களுக்கு அதே வாரம் துணைப்பட்டியல் போட அவருக்கு உதவுங்கள். வாசலில் விளக்கம் சொல்லவும் அவரையே அனுப்பி, பக்கத்தில் நில்லுங்கள். முறைகேடு என்று ஆதாரத்தோடு தெரிந்தால் மட்டும் வழி வேறு. அதை எழுத்தில் உள்தணிக்கைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆறாம் மாதம் இரண்டு வாரம் விடுப்பு எடுத்து ஊருக்கு வாருங்கள். மடிக்கணினியை அலுவலக அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். திரும்பிப் போனதும், அந்த இரண்டு வாரத்தில் எந்தக் கோப்பு எந்த மேசையில் நின்றது என்று பாருங்கள். மீதி ஒன்றரை ஆண்டுக்கான வேலைத் திட்டத்தை அந்த மேசையிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.