ஊர் இழந்தவர்கள்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு மாலை வகுப்பு. வேலை முடிந்து பெண்கள் வந்திருந்தார்கள். சிலர் வீட்டு வேலை செய்பவர்கள். சிலர் கார்மெண்ட்ஸில் தைப்பவர்கள். ஒருவர் கட்டட வேலை செய்பவர். பூக்கட்டும் பாட்டியும் வந்திருந்தார்.

அன்று செய்தித்தாள் படிக்கும் நாள். கார்மெண்ட்ஸ் பெண் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அ-க-தி-கள் மு-கா-ம். டீச்சர், அகதி என்றால் யார்?"

பாட்டி முந்திக்கொண்டார். "கதி இல்லாதவர் அகதி. போக்கிடம் இல்லாதவர்."

"அப்படியானால் நானும் அகதிதான்" என்றார் கட்டட வேலை செய்யும் பெண். "பிழைப்புக்காகத் தர்மபுரிப் பக்கம் இருந்து வந்தவள் நான்."

"பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்களா, அக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

"போகாமல் இருப்பேனா? அங்கே எங்கள் அம்மா இருக்கிறார்."

"அகதியால் அப்படிப் போக முடியாது. போனால் உயிருக்கு ஆபத்து. நீங்கள் பிழைப்பு தேடி வந்தீர்கள். அகதி உயிர் பிழைக்க ஓடி வந்தவர். அதுதான் வேறுபாடு."

பாட்டி சொன்ன கதை

பாட்டி பூவைக் கீழே வைத்தார்.

"உயிருக்குப் பயந்து ஓடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். 1991 டிசம்பர் மாதம். காவிரித் தண்ணீர்ப் பிரச்சினை. பெங்களூரில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தாக்கினார்கள். உயிர்களும் போயின. ஆயிரக்கணக்கான பேர் தமிழ்நாட்டுக்கு ஓடினார்கள். நானும் இரண்டு பிள்ளைகளோடு ஓசூருக்குப் போனேன். மாற்றுத் துணி கூட எடுக்கவில்லை."

"திரும்பி வந்தபோது வீடு இருந்ததா, பாட்டி?"

"இருந்தது. பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். அவர்தான் வீட்டைக் காத்தார். நான் வந்ததும் சாவியைக் கையில் கொடுத்தார்."

டீச்சர் சொன்னார்: "சொந்த நாட்டுக்குள்ளேயே ஊரை விட்டு ஓடுபவர்களை 'இடம்பெயர்ந்தவர்கள்' என்பார்கள். நாட்டின் எல்லையைத் தாண்டி ஓடுபவர்களே அகதிகள். பாட்டிக்குச் சில நாளில் சாவி திரும்பக் கிடைத்தது. பலருக்கு 30, 40 ஆண்டுகள் ஆகியும் கிடைக்கவில்லை."

கடல் கடந்து வந்தவர்கள்

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது பெரிய தாக்குதல் நடந்தது. வீடுகள் எரிந்தன. பலர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு உள்நாட்டுப் போர் மூண்டது. அது 2009 மே மாதம்தான் முடிந்தது.

மக்கள் படகில் ஏறினார்கள். இருட்டில் கடலைக் கடந்தார்கள். தனுஷ்கோடி, ராமேசுவரம் கரைகளில் வந்து இறங்கினார்கள். வழியில் படகு கவிழ்ந்து இறந்தவர்களும் உண்டு.

வந்தவர்களை முதலில் மண்டபம் முகாமில் தங்கவைத்தார்கள். பிறகு தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். 2021ஆம் ஆண்டு கணக்குப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் வாழ்ந்தார்கள். முகாமுக்கு வெளியே சுமார் 34,000 பேர் இருந்தார்கள்.

அரசு மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்கிறது. அரிசி கொடுக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனாலும் கஷ்டங்கள் பல. பல குடும்பங்கள் ஒரே ஒரு சிறிய அறையில் காலம் கழித்தன. வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கணக்கெடுக்கும் நாளில் முகாமில் இருக்க வேண்டும். பட்டம் படித்தாலும் அரசு வேலை கிடைக்காது. இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்காது. ஓட்டு இல்லை.

2021இல் தமிழ்நாடு அரசு இந்த முகாம்களின் பெயரை மாற்றியது. 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் வைத்தது. புதிய வீடுகள் கட்டவும் பணம் ஒதுக்கியது.

எந்த நாடும் இல்லாதவர்கள்

"வீடு கிடைத்தால் போதாதா, டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார்.

"போதாது. 'இவர் எங்கள் நாட்டவர்' என்று ஒரு நாடு சொல்ல வேண்டும். அதுதான் குடியுரிமை" என்றார் டீச்சர். பிறகு மலையகத் தமிழர் கதையைச் சொன்னார்.

வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஏழைகளை இலங்கைக்குக் கூட்டிப் போனார்கள். அவர்கள் காட்டை வெட்டிக் காப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் போட்டார்கள். பல தலைமுறை அங்கேயே உழைத்தார்கள்.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். தோட்டத் தொழிலாளியிடம் ஏது சான்று? பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. அப்படி வந்தவர்களில் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். சிலர் நம் கர்நாடகத்தில் சுள்ளியா பக்கம் ரப்பர் தோட்ட வேலைக்கு வந்தார்கள். இலங்கையில் மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தார்கள். 55 ஆண்டுகள் காத்திருப்பு!

ஒரு தாள் செய்த உதவி

1986இல் தமிழ்நாட்டில் ஒரு முகாமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா, அம்மா இருவரும் இலங்கை அகதிகள். குழந்தை வளர்ந்து பெரியவள் ஆனாள். பாஸ்போர்ட் கேட்டாள். கொடுக்க மறுத்தார்கள்.

இந்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அந்தப் பெண் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. 2022இல் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். அப்போது அவருக்கு வயது 38.

1987 ஜூலைக்குப் பிறகு அகதித் தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் காத்திருக்கிறார்கள்.

உலகம் முழுவதும்

2024 முடிவில் உலகில் சுமார் 12 கோடி பேர் இப்படி வீடு இழந்து வாழ்ந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் கர்நாடகத்தின் மக்கள் தொகை சுமார் 6 கோடி. அதைப் போல இரண்டு மடங்கு!

இவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். நாட்டை விட்டு ஓடியவர்களில் பெரும்பாலோர் பக்கத்து நாட்டில் தங்கினார்கள். 2017இல் மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்யா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அவர்களையும் சொந்த நாடு குடிமக்களாக ஏற்கவில்லை.

அகதிகளுக்காக 1951இல் ஓர் உலக ஒப்பந்தம் உருவானது. உயிருக்கு ஆபத்து உள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று அது சொல்கிறது. இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் 1971இல் வங்கதேசப் போரின்போது சுமார் ஒரு கோடி பேருக்கு இந்தியா இடம் கொடுத்தது.

மைசூர்ப் பக்கம் பைலகுப்பே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் திபெத் அகதிகளுக்கு அங்கே காட்டு நிலம் கொடுத்தார்கள். அவர்கள் காட்டைத் திருத்தி மக்காச்சோளம் பயிரிட்டார்கள். பள்ளிகள் கட்டினார்கள். நிலமும் வேலையும் கொடுத்தால் அகதி யாருக்கும் சுமை இல்லை.

வகுப்பு முடிந்தபோது

கட்டட வேலை செய்யும் பெண் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், என் சின்ன மகன் வேலை நடந்த இடத்தில் கொட்டகையில் பிறந்தான். எங்கும் எழுதி வைக்கவில்லை."

"பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அக்கா. தவறினாலும் பரவாயில்லை. தாமதக் கட்டணம் கட்டலாம். உரிய அதிகாரியிடம் அனுமதி வாங்கிப் பதிவு செய்யலாம். நாளைக்கே மாநகராட்சி அலுவலகத்தில் கேட்போம்."

"நானும் வருகிறேன்" என்றார் பாட்டி. "எனக்குக் கன்னடம் நன்றாக வரும். என் சாவியை ஒருத்தி காத்துக் கொடுத்தாள். நான் உன்னோடு துணைக்கு வரக் கூடாதா?"

புதிய சொற்கள்

அகதி – உயிருக்குப் பயந்து வேறு நாட்டுக்கு ஓடியவர்
இடம்பெயர்ந்தவர் – சொந்த நாட்டுக்குள்ளேயே ஊரை விட்டு ஓடியவர்
நாடற்றவர் – எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவர்

படித்துப் பேசுங்கள்

1. பிழைப்பு தேடி வந்தவருக்கும் அகதிக்கும் என்ன வேறுபாடு?
2. மலையகத் தமிழர் எப்படி நாடற்றவர் ஆனார்கள்?
3. 1986இல் பிறந்த பெண்ணுக்கு எந்தத் தாள் உதவியது?
4. உங்கள் தெருவில் ஊர் இழந்து வந்தவர் யாராவது இருக்கிறார்களா? அவருக்கு நீங்கள் என்ன உதவி செய்யலாம்?
5. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா? எடுத்துப் படித்துப் பாருங்கள். பெயரும் தேதியும் சரியாக இருக்கின்றனவா?