தோரியனைற்று: இலங்கைக் கல்லும் ஆனந்த குமாரசுவாமியும்

மாணவர்களே, பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6200 அடிக்கு மேலான உயரத்தில் அமைந்துள்ளதை நீங்கள் அறிவீர்கள். அங்கிருந்து ஹோட்டன் சமவெளிக்கு ஏறி, மூடுபனி எழுவதற்கு முன் உலக முடிவின் விளிம்பில் நின்று தெற்கே பார்த்தால் கீழே தெரிவது பலாங்கொடைப் பக்கம். அப்பகுதியின் இரத்தினக்கற் சரளையில் கிடைத்த ஒரு கறுப்புக் கல்லைப் பற்றியதே இப்பாடம்.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்று அறிஞராகவே நீங்கள் படித்திருப்பீர்கள். அவர் தொடக்கத்தில் ஒரு புவிச்சரிதவியலாளர். 1877 இல் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, தாயார் ஆங்கிலேயர். இங்கிலாந்தில் வளர்ந்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவீட்டுப் பணிக்குப் பணிப்பாளராக இருந்தார். தீவெங்கும் பயணம் செய்து பாறைகளையும் கனிப்பொருள்களையும் ஆராய்ந்தார்.

1904 ஆம் ஆண்டளவில் இரத்தினக்கல் அகழ்வோரிடமிருந்து அந்தக் கல் வெளிவந்தது. சிறு சதுரமுகி வடிவம், கறுப்பு நிறம், கையில் எடுத்தால் ஈயக் குண்டைப் போன்ற கனம். முதலில் அது யுரேனினைற்று எனவே கருதப்பட்டது. மாதிரிகள் லண்டனிலுள்ள இம்பீரியல் நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டன. அங்கு விந்தம் டன்ஸ்டன் பகுப்பாய்வு செய்தபோது, அதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தோரியமீரொட்சைட்டு இருப்பது தெரிந்தது. யுரேனியம் குறைவாகவே இருந்தது. எனவே தோரியனைற்று எனப் புதுப்பெயர் இடப்பட்டது.

"தோரியனைற்றைக் கண்டுபிடித்தவர் யார்?" என்ற வினாவுக்குக் குமாரசுவாமியின் பெயரை மட்டும் எழுதி நிறுத்துவது பலரின் வழக்கம். அது பிழையன்று, ஆனால் முழு விடையுமன்று. தோண்டி எடுத்தவர் ஒருவர்; அதன் இயல்பையும் கிடைக்கும் இடத்தையும் ஆராய்ந்தவர் குமாரசுவாமி; வேதியியற் பகுப்பு லண்டனில் நடந்தது. பகுப்பாய்வுக்காக மாதிரிகள் கடல் கடந்து போக வேண்டியிருந்ததையும் நினைவிற் கொள்ளுங்கள்.

கல்லின் கதை அங்கே முடியவில்லை. லண்டனில் சேர் வில்லியம் ராம்சே பல நூறு இறாத்தல் தோரியனைற்றை வாங்கினார். அதிலிருந்து பிரித்த பேரியம் உப்பை, 1904 இல் தம்மிடம் வந்த ஜேர்மன் இளைஞர் ஒட்டோ ஹானிடம் கொடுத்து, ரேடியத்தைப் பிரித்தெடுக்கும்படி கூறினார். ஹான் சேதன இரசாயனம் படித்தவர். ஆங்கிலம் பழகும் நோக்கத்துடன் லண்டன் வந்தவர். கதிர்த்தொழிற்பாடு பற்றி அதுவரை அவருக்கு அனுபவம் இல்லை!

அவர் ரேடியத்தைப் பிரித்தார். அதனுடன், தோரியத்தைப் போல நடக்கும், ஆனால் தோரியத்தைவிட மிகக் கடுமையாகக் கதிர் வீசும் ஒரு பொருளும் கிடைத்தது. 1905 இல் அதற்கு ரேடியோதோரியம் எனப் பெயரிட்டார். இன்று அதனைத் தோரியம்-228 என்கிறோம்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். தோரியம்-232 உம் தோரியம்-228 உம் ஒரே மூலகத்தின் சமதானிகள். இரசாயன முறையால் அவற்றைப் பிரிக்க முடியாது. அப்படியானால் ஹானுக்கு 228 தனியே கிடைத்தது எப்படி? தோரியம்-232 ஒரு அல்பாத் துணிக்கையை வெளிவிட்டு முதலில் ரேடியம்-228 ஆகிறது. அது ரேடியம் ஆதலால், கல்லைக் கரைத்துப் பிரித்தபோது தோரியத்தை விட்டுப் பேரியத்துடன் சேர்ந்து வந்துவிட்டது. பின்னர் அந்தப் பேரியம் உப்புக்குள் இருந்தபடியே தேய்ந்து, புதிய தோரியம்-228 ஐ உண்டாக்கிக் கொண்டிருந்தது. இடையிலுள்ள இந்தப் பொருளை ஹான் 1907 இல் கண்டறிந்து மீசோதோரியம் என்றார். அரைவாழ்வுக் காலங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: தோரியம்-232 க்கு ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள், ரேடியம்-228 க்கு 5.75 ஆண்டுகள், தோரியம்-228 க்கு 1.9 ஆண்டுகள். ரேடியோதோரியத்தின் கதிர்வீச்சு ஏன் அவ்வளவு கடுமையானது என்பது இதிலிருந்தே விளங்கும்.

சமதானி என்ற கருத்தை பிரெடெரிக் சொடி 1913 இல் முன்வைத்தார். அதற்குச் சான்று தேடியபோதும் இலங்கைக் கல்லே உதவியது. இங்கு கிடைத்த தோரைற்று என்னும் கனிப்பொருளிலிருந்து பெற்ற ஈயம், சாதாரண ஈயத்தைவிடக் கூடிய சாரணுத்திணிவு உடையதென அவர் காட்டினார். 1921 ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு சொடிக்கும், 1944 ஆம் ஆண்டுக்குரியது யுரேனியக் கருப்பிளவைக் கண்டறிந்தமைக்காக ஹானுக்கும் வழங்கப்பட்டன.

குமாரசுவாமி 1906 க்குப் பின் கற்களை விட்டுக் கலையின் பக்கம் திரும்பினார். 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் பணியாற்றி, 1947 இல் காலமானார்.

பரீட்சைக்குப் பயன்படும் ஒரு கணிப்பு. தோரியம்-232 (அணுவெண் 90) இறுதியில் ஈயம்-208 (அணுவெண் 82) ஆகிறது. திணிவெண் 24 ஆல் குறைகிறது. ஒரு அல்பாவுக்கு 4 வீதம், வெளியேறிய அல்பாத் துணிக்கைகள் 6. இதனால் அணுவெண் 12 குறைந்து 78 ஆக வேண்டும். ஆனால் ஈயத்தின் அணுவெண் 82. ஒவ்வொரு பீற்றாத் துணிக்கை வெளியேறும்போதும் அணுவெண் ஒன்றால் கூடும் என்பதைக் கொண்டு, பீற்றாத் துணிக்கைகள் எத்தனை என நீங்களே கண்டு எழுதுங்கள்.