குறைந்த பொருளில் பந்தயச் சக்கரம்

நம் ஊர்த் தச்சர் மாட்டுவண்டிச் சக்கரத்தை உறுப்புறுப்பாகப் பிரித்துப் பெயரிட்டு வழங்குவர். அச்சை ஏற்பது குடம். அதினின்று புறப்படுவன ஆரக்கால்கள். அவற்றைச் சூழ்ந்த மரவளைவு வட்டை. வட்டையைக் கவ்வி மண்ணிற்படுவது இரும்புப் பட்டா. மோட்டார்ச் சக்கரத்திலோ முதல் மூன்றும் கூடி ரிம் என்னும் ஓருறுப்பாயின. பட்டாவின் இடத்தை டயர் பெற்றது. கையிற் பொருள் குறைந்த ஒருவன் ஆட்டோகிராஸ் பந்தயத்திற் புக விரும்பின், இவ்விரண்டுள் எதன்மேல் அதனைச் செலவிடல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருள்.

ஆட்டோகிராஸ் என்பது பல கார்கள் ஒருங்கே முட்டிமோதி ஓடும் பெரும் பந்தயமன்று. வளைவுகள் மலிந்த குறும்பாதையொன்றிற் கடிகாரத்தோடு போட்டியிட்டு ஓடுவதாம். அமெரிக்கர் தார் அல்லது சிமிட்டி பூசிய வெளிகளிற் கூம்புகளை நிறுத்தி ஓட்டுவர். இங்கிலாந்திற் புல்வெளியிலும் மண்வெளியிலும் ஓட்டுவர். நம் நாட்டில் மண்தரையே பெருவழக்கு. தமிழ்நாட்டுக்கு மோட்டார்ப் பந்தயம் புதிதன்று. சென்னை மோட்டார்ப் பந்தயக் கழகம் 1953-இல் தோன்றியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளமாகிய சோழவரத்திற் பல்லாண்டு பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை திறக்கப்பெற்றது.

காற்றடைத்த டயரின் பெருமை உலகிற்குப் புலப்பட்டதே ஒரு சிறு பந்தயத்தினால்தான். டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டிக்கென ஆக்கிய அதனை, 1889-இற் பெல்பாஸ்ட் நகரில் ஹியூம் என்பார் தம் சைக்கிளிற் பூட்டி ஓட்டினார். தடித்த டயரைக் கண்டு நகைத்தோர் அவர் வெற்றியைக் கண்டு வாய்மூடினர்.

இனி என் வினாவுக்கு வருவேன். காரைக்காலின் வடவெல்லையாகிய பூவத்தில் என் அத்தான் ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். வாரத்தில் ஆறு நாளும் நாகூர்க்கும் வேளாங்கண்ணிக்கும் மக்களை ஏற்றிச் செல்லும் அதே காரைப் பந்தயத்திற்கும் கொண்டுசெல்ல அவர் விரும்பினார். ஓராண்டுச் சேமிப்பு முழுவதையும் கொடுத்துப் பளபளக்கும் அலாய் வீல் நான்கு வாங்கினார். டயருக்குப் பணம் எஞ்சவில்லை. பழைய டயர் நான்கைப் பூட்டிக்கொண்டார்; பட்டன் ஆழமாகவே இருந்ததனால் ஐயம் எழவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் பயணிகளோடு வருகையில், பிரேக்கை மிதித்தும் கார் நில்லாது வழுக்கிச் சாலையோர மணலிற் புதைந்து நின்றது. ஒருவருக்கும் ஊறில்லை; கர்த்தருக்குத் தோத்திரம். பின்னர் டயரின் பக்கத்தைத் துடைத்து எண்ணைப் பார்த்தோம். எட்டாண்டுப் பழமை!

அவ்வெண்ணைப் படிக்கக் கற்றல் எளிது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 எனின் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்திற் செய்தது. ரப்பர் ஓடாமலிருந்தும் முதுமையடைந்து இறுகும்; இறுகியது தரையைப் பற்றாது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையின் சாலையில் ஓட்டலாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். ஆயினும் ஆழம் மட்டும் இளமைக்குச் சான்றன்று என்பதை அத்தானின் டயர் காட்டிற்று.

அளவைப் பற்றியும் மயக்கம் மிகுதி. 165/80 ஆர் 14 என்பதன்கண் 165 என்பது அகலம், மில்லிமீட்டரில்; 80 என்பது அவ்வகலத்தின் நூற்றுக்கூறாகிய பக்க உயரம்; 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மாருதி ஸ்விப்ட் காருக்கு இவ்வளவும், 185/65 ஆர் 15 என்னும் அளவும் வந்துள்ளன. கணக்கிட்டால் முன்னதன் முழுவிட்டம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர்; பின்னது 621½. வேற்றுமை இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஆதலின் 15 அங்குல ரிம் வாங்குவோன் உயரத்தை வாங்கவில்லை. இரும்பைக் கூட்டி ரப்பரைக் குறைக்கிறான். தார்த்தரையில் அகன்ற டயரும் தாழ்ந்த பக்கமும் நலம் தரும். மண்தரையிலோ ஒடுங்கிய டயர் மேற்புழுதியைக் கிழித்துக் கெட்டி மண்ணைத் தொடும். உயர்ந்த பக்கம் பள்ளத்தின் அடியைத் தாங்கி ரிம்மைக் காக்கும். 14 அங்குல டயர் பெரும்பாலும் விலையும் குறைவு.

அலாய் வீல் இலகுவானது என்பர். எல்லாம் அங்ஙனமல்ல, மலிவான வார்ப்பு வீல் இரும்பு ரிம்முக்கு இணையான கனமிருத்தலும் உண்டு. தராசில் நிறுத்துப் பாராமல் நம்பலாகாது. மேலும், இரும்பு நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு வெடித்தால் எறிய வேண்டியதே. எங்கள் கடற்காற்றில் இரும்பு துருவேறும் என்னும் குறை உண்டு. அது வருடத்திற்கொரு முறை சாயம் பூசுதலோடு தீரும்.

ஆகவே நாங்கள் கண்ட வழி இது. காரின் சொந்த இரும்பு ரிம்மும் புதிய டயரும் பயணிகளுக்கே உரியன. அவற்றை மண்ணிற் கொண்டுபோய்க் கிழித்தலாகாது. அலாய் வீலை விற்ற பணத்திற் காயலான் கடையில் அதே காரின் இரும்பு ரிம் நான்கு எடுத்தோம். துளை நான்கா, அவை அமைந்த வட்டம் 100 மில்லிமீட்டரா, ரிம் உள்வாங்கும் அளவு ஒத்ததா என்று பார்த்தோம். தட்டையான தரையில் உருட்டி நெளிவும் பார்த்தோம். எஞ்சிய பணம் முழுவதும் டயருக்கே சென்றது: ஒரே வகையாக, அண்மையிற் செய்த நான்கு. ரீட்ரெட் டயரை அத்தான் நினைத்தார். வளைவின் இழுப்பில் ஒட்டுப் பிரியக்கூடும் என்று தடுத்தேன். டயர் செய்வதிற் பேர்பெற்ற எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946-இற் திருவொற்றியூரிற் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கி, 1952 முதல் ரீட்ரெட் ரப்பர் செய்தே வளர்ந்ததென்று அவர் வாதிட்டார். வரலாறு மெய், பந்தயத்திற்கு அது விடையாகாது.

செலவற்ற உபாயம் ஒன்று உண்டு. டயரின் தோளிற் சுண்ணக்கட்டியாற் கோடிழுத்து ஒரு சுற்று ஓடிவருக. கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருப்பின் காற்றுக் குறைவு. தோளிலேயே அழியாது நிற்பின் காற்று மிகுதி. இரண்டு இரண்டு பவுண்டாக மாற்றி மீண்டும் ஓடுக. இது தார்த்தரைக்கே முற்றும் பொருந்தும்; மண்ணிற் புழுதி கோட்டைத் துடைத்துவிடும். மண்ணிற் காற்றை மிகக் குறைத்தலும் தீங்கு, திருப்பத்தில் டயர் ரிம்மினின்று கழன்றுவிடுமாதலின்.

நட்டுகளைச் சுற்றுவரிசையில் முடுக்காது எதிரெதிராக முடுக்கி, முதற்சுற்று ஓடியபின் மறுமுறையும் முடுக்குக. சக்கரம் மாற்றுதற்கு எங்கள் இருவருக்கும் இப்போது இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. ஞாயிறு மாலையே பழைய நான்கையும் பூட்டிவிடுவோம், திங்கள் விடியலில் வேளாங்கண்ணிக்குச் சவாரி இருப்பதனால்.