டார்க் உச்சத்தில் கியர் மாற்றாதே

அன்புள்ள தம்பிக்கு,

ஹைதராபாத் அல்வாலிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்ட வரப்போகிறாய் என்பதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. டார்க், அதாவது முறுக்குவிசை, உச்சத்தைத் தொட்டதும் அடுத்த கியருக்குப் போய்விட வேண்டும் என்று சொல்கிறார்களே, சரியா என்று கேட்டிருந்தாய். சரியில்லை. அதை நம்பி, நல்ல கைகள்கூட நேர்ப்பாதையில் பின்தங்குகின்றன.

காரைத் தள்ளுவது இன்ஜினில் பிறக்கும் டார்க் அல்ல, கியர் பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்பும் டார்க். 2018இல் வந்த பெட்ரோல் ஸ்விஃப்டை எடுத்துக்கொள். 4200 ஆர்பிஎம்மில் 113 நியூட்டன் மீட்டர். 6000இல் 61 கிலோவாட், அதாவது டார்க் 97ஆக இறங்கிவிடுகிறது. கணக்குக்காக இரண்டாம் கியர் விகிதம் 1.9, மூன்றாவது 1.28 என்று வைப்போம். 6000இல் இரண்டாம் கியர் தருவது 184. அங்கே மூன்றுக்கு மாறினால் ஆர்பிஎம் 4040க்கு விழும். இன்ஜின் தன் உச்சமான 113ஐயே கொடுத்தாலும் கிடைப்பது 145தான். டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் பொது, அதனால் அதைச் சேர்க்கவில்லை.

இன்ஜின் டார்க்கை அளந்து தரும் டைனோ தாளை வைத்து, ஒவ்வொரு கியரும் தரும் டார்க்கை இப்படிக் கணக்கிட்டு, வேகத்துக்கு எதிராகக் கோடு வரை. அடுத்தடுத்த இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் மாற்று. வெட்டவே இல்லையென்றால் லிமிட்டருக்குச் சற்று முன்புவரை இழு. ஒன்றிலிருந்து இரண்டுக்கு இடைவெளி பெரிது, அங்கே கடைசிவரை இழுக்கலாம். மேல் கியர்கள் நெருக்கமானவை, அவற்றில் கொஞ்சம் முன்னதாகவே மாற்ற வேண்டி வரலாம். டீசல் காரில் மேல் ஆர்பிஎம்மில் டார்க் சரசரவென்று சரியும். சிவப்புக் கோடுவரை இழுப்பது வீண்.

ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருப்பதால் மாற்றும் இடமும் மாறுமா என்று கேட்டாய். டர்போ இல்லாத இன்ஜினில் காற்று மெலிந்த அளவுக்கு டார்க் கோடு முழுவதுமே தாழ்கிறது. வெட்டும் இடம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சென்னையில் கார் சற்றுத் துடிப்பாக இருக்கும், அவ்வளவே.

முதல் கியரில் ஆர்பிஎம் முள்ளை நம்பாதே. ஆர்பிஎம் அத்தனை விரைவாக ஏறும்போது உன் கண்ணும் கையும் பின்தங்கும். ஷிஃப்ட் லைட்டை அந்தக் கியருக்கு மட்டும் முன்கூட்டியே எரியும்படி வை. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே போல 2.1 கிலோமீட்டரே உள்ள தடத்தில், பிரேக் போட ஒரு நொடிதான் இருக்கிறது என்றால் மாற்றாமல் பிடித்துக்கொண்டே போ. கிளட்ச் மிதிக்கும் நேரமெல்லாம் கார் தள்ளப்படாத நேரம்.

2023 பிப்ரவரியில் உன் ஊர் உசேன் சாகர் கரையில் ஓடிய ஃபார்முலா ஈ கார்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, அவற்றுக்கு ஒரே கியர்.

நான் சொன்ன கியர் மாற்றத்தையெல்லாம் ராஜீவ் ரகதாரி நெடுஞ்சாலையில் பழகிப் பார்க்காதே. இரவு எவ்வளவு காலியாக இருந்தாலும் வேண்டாம், தம்பி. டைனோ தாளையும் உன் கியர்பாக்ஸின் சரியான விகிதங்களையும் எனக்கு அனுப்பு. கோடுகளைச் சேர்ந்தே வரைவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்